பல்சக்கரமா, பிளக்கா, சைலன்சரா: சைக்கிள் இன்ஜினுக்கு ஆயிரம் ரூபாயை எதில் போடுவது?

புதுவயலிலிருந்து ஒருவர், தேவகோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர், காரைக்குடியில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன். மூன்று பேரும் சைக்கிளில் சீன இன்ஜின் பூட்டியவர்கள். மூவருக்கும் ஒரே குறை: இழுவை இல்லை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள் கையாலேயே செய்துகொள்ள என்ன இருக்கிறது, எதை முதலில் செய்வது என்று ஒரே மாதத்தில் மூவரும் கேட்டார்கள்.

பையன் சைலன்சரை அறுப்பதற்கு ஹேக்ஸா பிளேடே வாங்கிவிட்டான். "கொஞ்சம் பொறு தம்பி, பிளேடு எங்கேயும் ஓடிப்போகாது" என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

## எந்த இன்ஜின்

சைக்கிள் பிரேமுக்கு நடுவில் உட்காரும் டூ ஸ்ட்ரோக் கிட்டைத்தான் சொல்கிறேன். பெட்டியில் 80 சிசி என்று போட்டிருக்கும். பிஸ்டன் விட்டம் 47 மி.மீ., ஓட்டம் 38 மி.மீ. கணக்குப் போட்டால் 66 சிசிதான் தேறும். மீதி 14 சிசி பெட்டி அட்டையில் மட்டும் இருக்கிறது. பழைய டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வைத்திருப்பவர்களுக்கும் பிளக், ஜெட், கார்பன் பற்றி எழுதியிருப்பது பெரும்பாலும் பொருந்தும். பல்சக்கரக் கணக்கு மட்டும் பொருந்தாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28)-இன்படி நான்குக்கும் குறைவான சக்கரங்களும் 25 சிசிக்கு மேற்படாத இன்ஜினும் உள்ள வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. நம்முடையது 66. ஆக, சாலைக்கு வந்தால் பதிவு, காப்பீடு, லைசென்ஸ் எல்லாம் வேண்டும். வீட்டில் கோத்த சைக்கிளுக்கு அதெல்லாம் கிடைப்பது குதிரைக் கொம்பு. என் வண்டி தோப்பு வேலியைத் தாண்டுவதில்லை. சோதனை எல்லாம் கிணறு வெட்டிய மண் குவிந்து கிடக்கும் கிணற்று மேட்டில்தான். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வேலையையும் ஐந்து கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்.

எவ்வளவு காசு, அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காசு எவ்வளவு? சரிப்பட்டு வராவிட்டால் பழையபடி மாற்ற முடியுமா? இன்ஜின் சூடு ஏறுமா? பலன் ஏற்றத்திலா, ஓட்டத்திலா? அரம், ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவரோடு வீட்டிலேயே முடியுமா, லேத் பட்டறைக்கு ஓடவேண்டுமா?

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். அரத்தால் எடுத்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

## எதையும் வாங்குவதற்கு முன்

இழுவை இல்லை என்று வரும் வண்டிகளில் பாதி, இன்ஜின் குறையே இல்லாதவை. பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டுப் பாருங்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசும். செயின் கோணலாக ஓடும். டயரில் காற்று பாதிதான் இருக்கும். இதெல்லாம் இன்ஜினின் சக்தியைத் தின்றுகொண்டிருக்கும்.

அடுத்தது காற்றுக் கசிவு. இந்தக் கிட்டில் கார்பரேட்டர், இன்டேக் குழாய் மேல் வெறும் கிளாம்பில் இறுகி நிற்கிறது. அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சுற்று இறங்காமல் வீல் என்று கத்தினால் அதுதான். இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல்) ஓடும்போது இணைப்பில் கொஞ்சம் டபிள்யூடி-40 அடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கசிவு இருக்கிறது. உள்ளே பெட்ரோல் தாங்கும் ஓ-ரிங் ஒன்றைப் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும். செலவு இருபது ரூபாய்கூட இல்லை. சூடான சைலன்சர் பக்கம் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

ஆயில் கணக்கு மூன்றாவது. பங்க்கில் எக்ஸ்எல்லுக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் விடுவார்கள், அந்தக் கைப்பழக்கத்தில் இதற்கும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்த இன்ஜினுக்கு 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி வேண்டும். புதிதில் இன்னும் கூடுதல். ஆயிலைக் குறைத்தால் வண்டி பறக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. புகை குறையும், அவ்வளவுதான்.

இந்த மூன்றையும் முடித்த பிறகும் இழுவை இல்லை என்றால் மேலே படியுங்கள்.

## 1. பின் பல்சக்கரத்தை மாற்றுவது

கிட்டோடு வரும் முன் பல்சக்கரம் 10 பல், பின்னது 44 பல். இன்ஜினுக்குள் இன்னொரு கியர் 4.1 மடங்கு குறைக்கிறது. எல்லாம் சேர்ந்து இன்ஜின் 18 சுற்று சுற்றினால் பின் டயர் ஒரு சுற்று சுற்றும். இந்தக் கணக்கு 26 அங்குலச் சக்கரத்துக்குப் போட்டது.

நம் ஊரில் இந்த இன்ஜின் எதில் ஏறுகிறது? அப்பா ஓட்டிய அட்லஸ், ஹெர்குலிஸ். இல்லையென்றால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பேரம் பேசி எடுத்த ராலே. எல்லாமே 28-க்கு ஒன்றரை டயர். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.07 மீட்டர் போகும், 28 அங்குலம் 2.23 மீட்டர் போகும். நீங்கள் எதையும் மாற்றாமலேயே கியர் 8 சதவீதம் நீண்டுவிட்டது. கிணற்று மேட்டில் வண்டி திணறுவதற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது.

இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் 28 அங்குலச் சக்கரம் என்ன வேகம் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்:

| பின் பல் | வேகம் (கி.மீ./மணி) |
|---|---|
| 36 | 45 |
| 44 | 37 |
| 48 | 34 |
| 50 | 32.6 |

26 அங்குலச் சக்கரத்தில் 44 பல் கொடுக்கும் வேகமும் 34-தான். ஆக 28 அங்குலத்தில் 48 பல் போடுவது, இன்ஜின் செய்தவன் நினைத்த நிலைக்கு வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவதுதான். சுமை ஏற்றுபவர் 50 போடலாம். சூடு ஏறாது, இன்ஜின் திணறாமல் சுற்றுவதால் ஏற்றத்தில் குறையக்கூடச் செய்யும். பிடிக்காவிட்டால் பழைய 44-ஐத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒளிந்திருக்கும் செலவைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கிட்டில் வரும் பல்சக்கரம், இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவே சக்கரக் கம்பிகளை (ஸ்போக்) பிடித்துக்கொண்டு ஒன்பது போல்ட்டில் நிற்கிறது. ஒன்பது போல்ட் என்றால் 36 கம்பிச் சக்கரத்துக்கு ஒழுங்காகப் பங்கு போகும். நம் பழைய சைக்கிளின் பின் சக்கரத்திலோ 40 கம்பி. ஒன்பதால் 40-ஐ வகுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று போல்ட் கம்பிமேல் ஏறி உட்காரும், சக்கரம் ஆடும், செயின் கழலும், கம்பி ஒன்றொன்றாக அறும். நான் முதல் தடவை இதைக் கவனிக்காமல் பூட்டி, இரண்டு மாதத்தில் நாலு கம்பி மாற்றினேன்.

வழி இரண்டு. ஹப்பைக் கவ்விப் பிடிக்கும் அடாப்டர் வாங்கலாம்; பல்சக்கரத்தைவிட அதற்குத்தான் காசு அதிகம். இல்லையென்றால் லேத் பட்டறையில் பல்சக்கரத்தில் பத்துத் துளை புதிதாகப் போடச் சொல்லலாம். நாலு கம்பிக்கு ஒரு துளை என்று சரியாக விழும். நான் இரண்டாவது வழியில் போனேன். துளை போடுகிறவர் வட்டத்தைப் பத்தாகப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். என்னுடைய முதல் சக்கரத்தில் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தால் பதினொன்று இருந்தது.

இன்னும் இரண்டு. 50 பல் சக்கரம் 44-ஐவிட விட்டத்தில் 24 மி.மீ. பெரிது, பிரேம் கம்பியிலோ செயின் கார்டிலோ உரசுமா என்று அட்டையை வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். செயினுக்கு நாலு கண்ணி வரை கூடுதலாக வேண்டும். கிட்டின் செயின் 415 அளவு, சைக்கிள் செயின் கண்ணி அதில் சேராது.

36 பல் போட்டு 45-இல் பறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே கேள்வி: கம்பி பிரேக்கில் 45-ஐ எப்படி நிறுத்தப்போகிறீர்கள்?

## 2. பிளக்கும் வயரும்

சின்ன வேலைதான். கிட்டோடு வரும் பிளக்கைக் கழற்றிவிட்டு என்ஜிகே பி6எச்எஸ் வகை ஒன்று போடுங்கள். 14 மி.மீ. மரை, அரை அங்குல நீளம். பெயர் சொன்னால் கடைக்காரருக்குப் புரியாவிட்டால் பழைய பிளக்கையே மாதிரிக்குக் கொண்டுபோங்கள். நீளமான மரை உள்ளதை வாங்கிவிட்டால் பிஸ்டன் மண்டையில் இடிக்கும். இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

வயரின் இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் போட்டுவிட்டுப் புதுச் செம்பு தெரிய மாட்டுங்கள். கேப் மட்டமானதாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். மிஸ்ஸிங், அதாவது பொறி விட்டு விட்டு வரும் குறை, இருந்த வண்டிக்கு இது உயிர் கொடுக்கும். மிஸ்ஸிங் இல்லாத வண்டிக்கு ஒன்றும் செய்யாது. பிளக் மாற்றினேன், பத்து கிலோமீட்டர் வேகம் கூடிற்று என்று யாராவது சொன்னால், அவர் அதற்கு முன்னால் பாதிப் பொறியில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஜின் ஆறிய பிறகு, முதல் நாலு மரையைக் கையாலேயே ஏற்றுங்கள். அலுமினிய ஹெட், மரை போனால் ஹெட்டே போயிற்று.

## 3. கார்பரேட்டர்: நீடிலும் ஜெட்டும்

காசு ஏறக்குறைய இல்லை, பலன் உண்டு, தப்பினால் இன்ஜினே போகும். மூன்றும் சேர்ந்த வேலை இது ஒன்றுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஆயில் தனியாக வருவதில்லை, பெட்ரோலோடுதான் வருகிறது. கலவை மெலிந்தால், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைந்தால், சூடும் ஏறும், அந்தச் சூட்டைத் தாங்கவேண்டிய ஆயிலும் குறையும். அதனால்தான் மெலிந்த கலவையில் வண்டி கொஞ்ச நேரம் அருமையாக ஓடிவிட்டு, அப்படியே இறுகி நின்றுவிடுகிறது.

பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானின் நிறத்தைப் பாருங்கள். வறுத்த மல்லி விதை நிறத்தில் காய்ந்து இருந்தால் சரி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் மெலிவு. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் கூடுதல். வேகமாக ஓட்டும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். ஐடிலில் நிற்கவைத்துவிட்டுப் பார்த்தால் எப்போதும் கறுப்புத்தான் தெரியும்.

முதலில் நீடில் கிளிப். ஸ்லைடைக் கழற்றினால் ஊசியில் நாலைந்து வெட்டு இருக்கும். கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழே இறக்கினால் கூடும். இது பாதி ஆக்சிலேட்டரில் வேலை செய்யும். ஒவ்வொரு வெட்டாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்கவேண்டும். பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் பழையபடி வைத்துவிடலாம்.

அடுத்து மெயின் ஜெட், பெட்ரோல் வரும் துளை உள்ள சின்னத் திருகு. இது முழு ஆக்சிலேட்டருக்கு. ஜெட் துளையை ஈயம் வைத்து அடைத்துவிட்டு மெல்லிய டிரில்லால் புதிதாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம், ஆனால் பழைய ஜெட்டைத் தொடாதீர்கள். இன்னொரு ஜெட் வாங்கி அதில் பழகுங்கள். ஊதுபத்திக் குச்சியையும் குண்டூசியையும் விட்டு ஜெட் துளையைக் குடைகிறவர்களோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நம் ஊர் வெயிலுக்குத் தனிக் கணக்கு உண்டு. மே மாதம் 40 டிகிரியில் இருக்கும் காற்று, மார்கழிக் காலை 20 டிகிரியில் இருக்கும் காற்றைவிட ஆறேழு சதவீதம் அடர்த்தி குறைந்தது. கத்திரி வெயிலில் சரியாக வைத்த ஜெட், மார்கழி விடியலில் மெலிந்துபோகும். இதோடு இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகவே போதும்; ஆக அதே ஜெட்டில், அதே காற்றில், கலவை இன்னும் மெலிகிறது. சுத்தப் பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டோடு வந்த பழைய இன்ஜினுக்கு இப்போது துளை கொஞ்சம் பெரிதாகத்தான் வேண்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். தோப்பு வண்டியை இரண்டு மாதம் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

இழுவையைக் கூட்ட மெலிய வைப்பதைவிட, பெட்ரோலை ஒரு படி கூடுதலாகவே வைத்துவிட்டுப் புகையைப் பொறுத்துக்கொள்வது என் வழக்கம்.

## 4. ஏர் பில்டரைக் கழற்றுவது

வேண்டாம். காற்று அதிகம் போனால் கலவை மெலியும், மேலே சொன்னதெல்லாம் நடக்கும். அதைவிடப் பெரிய காரணம் நம் மண். செம்புறாங்கல் பூமி, பங்குனியில் ஒரு லாரி போனால் பத்து நிமிடம் செம்புழுதி அடங்காது. அந்தத் தூள் சிலிண்டருக்குள் போனால் உப்புத்தாள் வேலை செய்யும். ரிங் ஒரு கோடைக்குத் தாங்காது. பில்டர் ஸ்பாஞ்சை மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, கொஞ்சம் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். இதுவே பலருக்குப் புது இன்ஜின் வாங்கின மாதிரி இருக்கும்.

## 5. சைலன்சரை அறுப்பது

பையனின் பிளேடு காத்திருக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாயும் புதுக் கலவை உள்ளே வரும் வாயும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. புதிதாக வந்த பெட்ரோலில் கொஞ்சம் புகையோடு வெளியே ஓடப் பார்க்கும். சைலன்சரில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான் அதை ஓரளவு உள்ளே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் தடுப்பை வெட்டி வெறுங்குழாயாக்கினால் மேல் சுற்றில், அதாவது இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது, கொஞ்சம் விடுதலை கிடைக்கலாம். கீழ்ச் சுற்றில் இழுவை போகும், பெட்ரோலும் போகும். நமக்கு வேண்டியது கீழ்ச் சுற்று. ஆனால் சத்தம் இரண்டு மடங்காவதால் ஓட்டுகிறவனுக்கு வேகம் கூடின மாதிரியே இருக்கும்.

நானும் இதைச் செய்தவன்தான். முதல் வருஷம், தடுப்பை வெட்டி எறிந்துவிட்டு அதே கையோடு பில்டரையும் கழற்றினேன். ஜெட்டைத் தொடவில்லை. பின்கட்டில் முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏம்ப்பா, மாவு மில்லு எப்ப வச்சே?" என்றார். சித்திரை மத்தியானம், தோப்பு வழியில் மூன்றாவது நடை. நீண்ட ஒரு கீச்சுச் சத்தம், அப்புறம் அமைதி. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. சிலிண்டர், பிஸ்டன், ரிங், பேக்கிங் எல்லாம் புதிதாகப் போட்டேன். இலவசமாகச் செய்த வேலைக்கு 2,400 ரூபாய்.

சைலன்சரில் செய்யவேண்டியது வேறு. பழைய வண்டியானால் கழற்றிக் கார்பனை எடுங்கள். வைக்கோல் தீயில் சுட்டுத் தட்டியெடுப்பது எக்ஸ்எல் காலத்து வைத்தியம், இதற்கும் கேட்கும். சிலிண்டரின் புகை வாயில் படிந்திருக்கும் கார்பனையும் மரக்குச்சியால் சுரண்டிவிடுங்கள். பிஸ்டன் கீழே இறங்கி வாய் முழுதும் திறந்திருக்கும்போது சுரண்டினால் துகள் உள்ளே விழும், அதனால் பிஸ்டனால் வாயை மூடிவைத்துக்கொண்டு செய்யுங்கள். கணக்குப் பார்த்துச் செய்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் (அந்த அலையைச் சரியான நேரத்தில் திருப்பி அனுப்பும், நடுவில் பருத்த சைலன்சர்) உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அது ஆயிரம் ரூபாய்ப் பேச்சு இல்லை.

## 6. போர்ட்டை அரத்தால் சரிசெய்வது

போர்ட் என்பது சிலிண்டரில் கலவையும் புகையும் போகும் வாய். மட்டமான வார்ப்பில் வாயோரங்களில் பிசிறு நிற்கும். பேக்கிங் தாளின் ஓட்டை சிலிண்டரின் ஓட்டையைவிடச் சிறிதாக இருந்து பாதி வழியை மறைக்கும். பேக்கிங்கைச் சரியாக வெட்டி, பிசிறை எடுத்தால் காற்று தடையில்லாமல் ஓடும். பேக்கிங் வெட்டுவது இலவசம், திரும்ப வரும் வழியும் உண்டு. அதை எல்லோரும் செய்யலாம்.

அரம் வைப்பதில் மூன்று எச்சரிக்கை. சிலிண்டரைக் கழற்றித் தனியாக எடுத்துத்தான் அரம் வைக்கவேண்டும். கிராங்க் மேல் இருக்கும்போதே அராவினால் தூள் பேரிங்குக்குள் போகும். புகை வாயின் மேல் விளிம்பை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் சக்தி மேல் சுற்றுக்கு ஏறிவிடும், மேட்டில் வண்டி படுத்துக்கொள்ளும். அராவி முடித்த விளிம்பைக் கூராக விடக் கூடாது. ரிங் அதில் மாட்டி ஒடியும், உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள். அப்புறம் சிலிண்டரை மண்ணெண்ணெயில் ஒரு தடவை, சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் கோடு விழுந்தால் இன்னொரு தடவை கழுவுங்கள்.

## 7. ஹெட்டைத் தேய்ப்பது

ஹெட்டின் அடிப்பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்தால் இரண்டு லாபம்: கசிவு நிற்கும், கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை நெருக்கும் அளவு) ஏறும். கீழ்ச் சுற்று இழுவைக்கு இதுதான் இன்ஜினுக்குள் செய்யும் நல்ல வேலை.

தேய்க்கத் தட்டையான தளம் வேண்டும். நம்மிடம் அதற்கு வழி இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்ப்பது என்பது உங்களுக்குத் தெரியும்; பட்டறையில் ஓரம் உடைந்துபோன கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அதன்மேல் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, எட்டுப் போடுவதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். முதலில் ஓரத்தில் மட்டும் பளபளத்தது, நடுவில் கறுப்பாகவே கிடந்தது. ஹெட் அவ்வளவு கோணல். முக்கால் மணி நேரத்தில் முழுவதும் ஒரே நிறத்துக்கு வந்தது.

அதோடு நிறுத்திவிடுங்கள் என்பது என் கருத்து. கம்ப்ரஷனுக்காக லேத்தில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் ஏறத்தாழ 0.87 சிசி இடம் குறையும். 7-க்கு 1 இருந்த கம்ப்ரஷன் 7.5-க்கு வரும். இதற்கு மேல் போனால் கோடையில் டக்டக் என்று தட்ட ஆரம்பிக்கும், ஹெட் ஸ்டட் நீளும், பேக்கிங் ஊதும். எடுத்த பிறகு பிளக் துளை வழியாக ஈயக்கம்பியை விட்டு, இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய கம்பியை வெர்னியரில் அளங்கள். 0.8 மி.மீ.க்குக் குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

## ஒரே பார்வையில்

செலவு நான் கொடுத்தது, உத்தேசம்தான்.

| வேலை | செலவு (ரூ.) | பழையபடி மாற்ற முடியுமா | சூடு | எங்கே பலன் |
|---|---|---|---|---|
| 48/50 பல், பத்துத் துளையோடு | 900 | முடியும் | ஏறாது | ஏற்றம், சுமை |
| பிளக், வயர் | 200 | முடியும் | ஏறாது | மிஸ்ஸிங் இருந்தால் மட்டும் |
| நீடில் கிளிப் | 0 | முடியும் | பார்த்து வைக்கவேண்டும் | பாதி ஆக்சிலேட்டர் |
| மெயின் ஜெட் | 100 | பழைய ஜெட் இருந்தால் | மெலிந்தால் ஆபத்து | முழு ஆக்சிலேட்டர் |
| பில்டர் கழற்றல் | 0, பிறகு ரிங் செலவு | முடியும் | ஏறும் | இல்லை |
| சைலன்சர் அறுத்தல் | 0, பிறகு 2,400 | முடியாது | ஏறும் | காதுக்கு |
| போர்ட் அரம் | 250 | முடியாது | ஏறாது | கொஞ்சம், மேல் சுற்றில் |
| ஹெட் தேய்த்தல் | 50 | முடியாது | கொஞ்சம் ஏறும் | கீழ்ச் சுற்று |

## மூவருக்கும் சொன்னது

தேவகோட்டைத் தோப்புக்காரர் ஒரு நடையில் முப்பது, நாற்பது தேங்காய் ஏற்றுகிறார். அவருக்கு 50 பல், நீடிலில் ஒரு வெட்டு கூடுதல் பெட்ரோல், ஹெட் தேய்ப்பு. மூன்றும் சேர்ந்தாலும் ஆயிரத்தைத் தாண்டாது. "இதுக்கு மேலயும் சுமை ஏத்தணும்னா?" என்றார். அப்படியானால் இதில் காசு போடாதீர்கள், பதிவோடு இருக்கும் பழைய எக்ஸ்எல் ஒன்றைப் பாருங்கள் என்றேன். சைக்கிள் பின் கம்பிக்கும் ஒரு எல்லை உண்டு.

புதுவயல்காரர் வண்டியைப் போய்ப் பார்த்தேன். அரிசி ஆலைத் தவிடும் புழுதியும் சேர்ந்து பில்டர் ஸ்பாஞ்ச் அடைபோல ஆகியிருந்தது, பிளக் கறுத்து ஈரமாக இருந்தது, வயர் கேப்புக்குள் பச்சைப் பாசி பிடித்திருந்தது. அலசி, பிளக் மாற்றி, வயரை வெட்டி மாட்டினோம். பல்சக்கரம் வாங்கும் யோசனையை அவரே விட்டுவிட்டார்.

பையனுடையது தாத்தாவின் 28 அங்குலச் சைக்கிள், 40 கம்பி. அவனுக்கு 48 போதும், ஆனால் கடையில் 50-தான் இருந்தது, வாங்கி வந்துவிட்டான். லேத்தில் பத்துத் துளை போடும்போது நானும் கூடவே நின்றேன். டீ குடிக்கப் போகவில்லை. பூட்டிச் சுற்றிப் பார்த்தால் பல், செயின் கார்டின் உள் விளிம்பில் கிர்ரென்று உரசியது. "அண்ணே, இப்ப பிளேடை எடுக்கலாமா?" என்றான். எடுக்கச் சொன்னேன். கார்டில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்தோம்.